புதிய கணினிக்கு மதர்போர்டு: எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குவோம்

பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் நேரம் வந்தால், வீடுகளில் கணினிப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. லேப்டாப் விலையைப் பார்த்துத் தயங்கும் பெற்றோரிடம், "அதே பணத்தில் டெஸ்க்டாப் வாங்கினால் இன்னும் நன்றாகக் கிடைக்கும்" என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான். வெளியே தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை என்றால், கொடுக்கும் பணத்துக்கு டெஸ்க்டாப்பே கூடுதல் வேகம் தரும். பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கடைக்குப் போனால் ஒரு தாளில் கொட்டேஷன் எழுதிக் கொடுப்பார்கள். பிராசஸர் 'ஐ5', ராம் '16 ஜிபி', எஸ்எஸ்டி '512 ஜிபி' என்று தெளிவாக எழுதியிருக்கும். மதர்போர்டு என்ற வரியில் மட்டும் பெரும்பாலும் 'போர்டு - 1' என்று இருக்கும், அல்லது நமக்குப் புரியாத நான்கு எழுத்து இருக்கும். நாமும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. ஐ5 என்றால் என்னவென்று பிள்ளைக்குத் தெரியும், ராம் என்றால் என்னவென்று நமக்கும் ஓரளவு தெரியும். போர்டு என்பது எல்லாவற்றையும் செருகி வைக்கும் ஒரு பலகைதானே என்று விட்டுவிடுகிறோம்.

ஏமாற்றத்துக்கு இடம் கொடுப்பது இந்த ஒரு வரிதான். அந்தப் பலகைதான் இன்று எந்தப் பிராசஸர் பொருந்தும், நாளை எவ்வளவு ராம் சேர்க்க முடியும், ஐந்து ஆண்டு கழித்து இந்தக் கணினி உயிரோடு இருக்குமா என்பதையெல்லாம் முடிவு செய்கிறது. அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மதர்போர்டு செய்யும் வேலை

மதர்போர்டுக்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, பிராசஸர், ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, கீபோர்டு, இணையக் கேபிள் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேச வைப்பது. இரண்டாவது, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரத்தைப் பிராசஸருக்கு ஏற்றபடி ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கிக் கொடுப்பது. மூன்றாவது, கணினியை ஆன் செய்ததும் முதலில் விழித்து மற்ற பாகங்களைச் சரிபார்க்கும் பயாஸ் என்ற மென்பொருளைத் தன்னிடம் வைத்திருப்பது.

போர்டு தானாகக் கணினியின் வேகத்தைக் கூட்டுவதில்லை. ஒரே பிராசஸரை 7,000 ரூபாய் போர்டில் போட்டாலும் 20,000 ரூபாய் போர்டில் போட்டாலும் வீட்டு வேலைகளில் வித்தியாசம் தெரியாது. ஆகவே விலை உயர்ந்த போர்டு வாங்கினால்தான் கணினி வேகமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதேபோல, எந்தப் போர்டும் ஒன்றுதான் என்பதும் சரியல்ல. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இடவசதிக்கும், உறுதிக்கும், எதிர்கால வாய்ப்புக்கும் உரியது. நமக்கு அவற்றில் எவ்வளவு தேவை என்பதுதான் கேள்வி.

புதிய போர்டு, பழைய காலம்

குறைந்த விலைக் கணினி விளம்பரங்களில் 'ஐ5 கணினி, புதிய மதர்போர்டு, வாரண்டியுடன்' என்று ஒரு வகை வருகிறது. விலையும் மிகக் குறைவாக இருக்கும். அதில் பல, ஹெச்61 அல்லது ஹெச்81 என்ற சிப்செட் கொண்ட போர்டுகளில் கட்டப்பட்டவை.

ஹெச்61 என்ற சிப்செட்டை இன்டெல் 2011-இல் வெளியிட்டது. அது இரண்டாம், மூன்றாம் தலைமுறை கோர் பிராசஸர்களுக்கானது. ஹெச்81 என்பது 2013-இல் நான்காம் தலைமுறைக்காக வந்தது. அந்தக் காலப் போர்டுகளை இன்றும் சில நிறுவனங்கள் புதிதாகத் தயாரித்து விற்கின்றன. அட்டைப்பெட்டி புதிது, பலகை புதிது, வாரண்டியும் உண்டு. அதில் பொருத்தப்படும் பிராசஸரோ பத்து ஆண்டுகளுக்கு மேல் ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வந்தது. ராமும் டிடிஆர்3 என்ற பழைய வகை.

ஐ5 என்ற பெயரே இங்கே நம்மைக் குழப்புகிறது. 'ஐ5-3470' என்பதும் ஐ5தான், 'ஐ5-12400' என்பதும் ஐ5தான். முதலாவது 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை. இரண்டாவது 2022-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை. கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறையைச் சொல்கிறது. நான்கு இலக்கம் என்றால் முதல் ஓர் இலக்கம், ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கம். மூன்றாம் தலைமுறை ஐ7-ஐக் காட்டிலும் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 தெளிவாக வேகமானது. 'ஐ7' என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

வேகம் மட்டும் பிரச்சினையில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது ரைசன் 2000 வரிசையிலோ அதற்குப் பிறகோ வந்த பிராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் நிபந்தனை. ஹெச்61 கணினியில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. அதற்குப் பிறகு வரும் அப்டேட்டுகள் சரியாக வேலை செய்யும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை. வங்கிக் கணக்கும் யுபிஐயும் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களும் அந்தக் கணினியில் இருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் போர்டுகளால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டில் ஏற்கெனவே மூன்றாம் தலைமுறைக் கணினி ஒன்று இருந்து, அதன் போர்டு மட்டும் கெட்டுப்போனால், பிராசஸரையும் ராமையும் வீணாக்காமல் ஒரு ஹெச்61 போர்டை வாங்கிப் போட்டு, லினக்ஸ் நிறுவித் தட்டச்சு வேலைக்குப் பயன்படுத்தலாம். அது சிக்கனம். புதிதாகக் கணினி கட்டுபவர் அதையே வாங்கினால், அவர் வாங்கிய நாளிலேயே அந்தக் கணினிக்கு வயதாகிவிட்டது. இதைத் தெளிவாகச் சொல்லி விற்பவர் மீது குறையில்லை. சொல்லாமல் 'புது ஐ5' என்று விற்பது, பொருளின் குறையை மறைத்து விற்கும் வியாபாரம்தான். அது கூடாது என்பது நம் வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல. வாங்குபவரும் வாய் திறந்து கேட்கப் பழக வேண்டும்.

முதலில் பிராசஸர், பிறகு சாக்கெட்

பிராசஸர் உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். ஒரு சாக்கெட்டுக்கான பிராசஸர் வேறொன்றில் பொருந்தாது. ஆகவே போர்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. என்ன வேலைக்குக் கணினி என்று எழுதி, அதற்கேற்ற பிராசஸரை முடிவு செய்து, அதன் பிறகுதான் போர்டுக்கு வர வேண்டும்.

புதிய கணினி கட்டுபவர் இன்று பார்க்க வேண்டிய சாக்கெட்டுகள் நான்கு.

எல்ஜிஏ1700: இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கானது. 2021 இறுதியில் வந்தது. இதில் டிடிஆர்4 ராம் போடும் போர்டும் உண்டு, டிடிஆர்5 போடும் போர்டும் உண்டு. 14-ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த இன்டெல் பிராசஸர் வரிசை வேறு சாக்கெட்டுக்குப் போய்விட்டது.

எல்ஜிஏ1851: 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கானது. டிடிஆர்5 மட்டும்தான்.

ஏஎம்4: ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசஸர்கள் 2017 முதல் இதில்தான் வந்தன. ரைசன் 5000 வரிசை வரை ஒரே சாக்கெட். டிடிஆர்4 மட்டும்.

ஏஎம்5: 2022-இல் வந்தது. ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள் இதில் பொருந்தும். 2027 வரையிலும் அதற்குப் பிறகும் இதற்குப் பிராசஸர் தருவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. டிடிஆர்5 மட்டும்.

எதிர்காலத்தில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் ஏஎம்5 நல்லது. ஆனால் ஒரு நடைமுறை உண்மையையும் பார்க்க வேண்டும். சாதாரண வீடுகளில் யாரும் பிராசஸரை மட்டும் மாற்றுவதில்லை. ராம் சேர்ப்பார்கள், எஸ்எஸ்டி சேர்ப்பார்கள், எப்போதாவது கிராபிக்ஸ் கார்டு போடுவார்கள். ஏழெட்டு ஆண்டு ஓட்டிவிட்டு மொத்தமாக வேறு வாங்குவார்கள். உங்கள் வீடும் அப்படித்தான் என்றால், சாக்கெட்டின் எதிர்காலத்துக்காகப் பெரிய தொகை கொடுப்பதைவிட, நல்ல ராம் இடமும் எஸ்எஸ்டி இடமும் உள்ள போர்டுக்குக் கொடுப்பது பயன் தரும்.

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. சில நூறு அல்லது ஆயிரம் ரூபாய் குறைவு என்று வாங்கிவிட்டால், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போடும் வரை திரையில் ஒன்றும் வராது. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அது வேலை செய்யாது. ஏஎம்4 வரிசையில் இதற்கு நேர்மாறு: ரைசன் 5 5600ஜி போல 'ஜி' என்று முடிவதில்தான் கிராபிக்ஸ் உண்டு.

சிப்செட் என்ற நான்கு எழுத்து

போர்டின் பெயரில் ஹெச்610, பி760, ஏ520, பி550 என்று வருவதுதான் சிப்செட். முன்னால் உள்ள எழுத்து தரத்தைச் சொல்கிறது. இன்டெலில் ஹெச் அடிப்படை, பி நடுத்தரம், இசட் உயர்தரம். ஏஎம்டியில் ஏ அடிப்படை, பி நடுத்தரம், எக்ஸ் உயர்தரம்.

இசட், எக்ஸ் வகைகள் பெரும்பாலும் பிராசஸரை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும், பல கருவிகளைச் செருகுபவர்களுக்கும் உரியவை. குடும்பத்துக்கு அவை தேவையில்லை. ஆகவே நமக்கு இரண்டே கேள்விதான்: அடிப்படையா, நடுத்தரமா?

ஹெச்610 போர்டில் வழக்கமாக இரண்டு ராம் இடமும் ஒரு எம்.2 எஸ்எஸ்டி இடமும் இருக்கும். ராமை அதன் கூடுதல் வேகத்தில் ஓட்ட முடியாது. பி760-இல் நான்கு ராம் இடம் உள்ள மாதிரிகள் கிடைக்கும், எம்.2 இடம் இரண்டு அல்லது அதற்கு மேல் இருக்கும், ராம் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம், பின்புறத் துளைகளும் அதிகம். ஏஎம்4-இல் ஏ520-க்கும் பி550-க்கும் இடையே ஒரு கூடுதல் வித்தியாசம் உண்டு. பி550-இல் கிராபிக்ஸ் கார்டுக்கும் முதல் எஸ்எஸ்டிக்கும் பிசிஐஇ 4.0 என்ற வேகமான பாதை கிடைக்கும், ஏ520-இல் 3.0 மட்டும். வேடிக்கை என்னவென்றால், 5600ஜி போன்ற பிராசஸர்களே 3.0-ஐத் தாண்டாதவை. அந்தப் பிராசஸரோடு வேகமான பாதைக்காக மட்டும் பி550 வாங்கினால், போகாத சாலைக்குச் சுங்கம் கட்டியது போல ஆகும்.

சிப்செட்டுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, முன்பு சொன்ன வோல்ட் இறக்கும் பகுதி. போர்டில் பிராசஸர் சாக்கெட்டின் இடப்புறமும் மேற்புறமும் வரிசையாகச் சிறு சதுரங்கள் தெரியும். அவைதான். அடிப்படைப் போர்டுகளில் அவற்றின் மீது அலுமினிய மூடி இருக்காது. ஐ3, ஐ5-12400, 5600ஜி போன்ற 65 வாட் அளவிலான பிராசஸர்களுக்கு அதனால் பாதகமில்லை. ஐ7, ஐ9, ரைசன் 9 போன்றவற்றை அதில் போட்டு மணிக்கணக்கில் வீடியோ எடிட் செய்தால் அந்தப் பகுதி சூடேறி, போர்டு தானாகவே பிராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். மே மாதத்தில் ஏசி இல்லாத நம் வீட்டு அறைகளின் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பெரிய பிராசஸருக்குச் சிறிய போர்டு போடுவது பணத்தை மிச்சப்படுத்தும் வழியல்ல.

ராம் விலை ஏறியிருக்கும் நேரம்

2025 இறுதியிலிருந்து உலகெங்கும் ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்காக நினைவகச் சிப்புகளைப் பெரிய நிறுவனங்கள் அள்ளிச் செல்வதே முக்கியக் காரணம். இது போர்டுத் தேர்வையும் நேரடியாகப் பாதிக்கிறது. ஏனெனில் எந்த வகை ராம் என்பதைப் போர்டுதான் முடிவு செய்கிறது. டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 நுழையாது, மாற்றிப் போடவும் முடியாது.

வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய டெஸ்க்டாப் ஒன்று கிடந்தால், அதைத் திறந்து ராமின் மீது ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். டிடிஆர்4 என்று இருந்தால் அதைக் கழற்றிப் புதிய டிடிஆர்4 போர்டில் போட்டுக்கொள்ளலாம். இன்றைய விலையில் அது பெரிய மிச்சம். லேப்டாப் ராம் அளவில் சிறியது, டெஸ்க்டாப் போர்டில் பொருந்தாது.

மொத்தமாக வாங்க முடியாவிட்டால், இன்று 8 ஜிபி ஒன்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று என்று வாங்கலாம். அதற்காகத்தான் குறைந்தது இரண்டு ராம் இடமாவது உள்ள போர்டு வேண்டும் என்கிறோம். ஒற்றை ராம் போட்டால் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸின் வேகம் சற்றுக் குறைவாக இருக்கும். இரண்டாவது சேர்ந்ததும் அது சரியாகிவிடும்.

யாருக்கு எது போதும்?

பள்ளி, கல்லூரிப் படிப்பு, இணைய வகுப்பு, தட்டச்சு, ஆரம்ப நிலை நிரல் எழுதுதல்: 12 முதல் 14-ஆம் தலைமுறைக்குள் 'எஃப்' இல்லாத ஓர் ஐ3-யும் டிடிஆர்4 ஹெச்610 போர்டும் போதும். அல்லது ரைசன் 5 5600ஜி-யும் ஏ520 போர்டும். இதற்கு மேல் போர்டுக்குச் செலவிடுவதைவிட, அந்தப் பணத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கலாம்.

கடைக் கணக்கு, பில்லிங், டேலி: மேலே சொன்னதே போதும். ஆனால் நீங்கள் வைத்திருக்கும் பிரிண்டர், தராசு, பார்கோடு கருவி எந்தத் துளையில் செருகப்படுகிறது என்று முதலில் பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றிச் சிறு பட்டறை வைத்திருப்போரிடம் பழைய சிஎன்சி இயந்திரங்களும் கட்டிங் பிளாட்டர்களும் உண்டு. அவற்றில் சில இன்னும் சீரியல் போர்ட் அல்லது பேரலல் போர்ட் கேபிளில்தான் இயங்கும். எல்லாப் போர்டிலும் அவை இருக்காது. சில ஹெச்610 போர்டுகளில் சீரியல் போர்ட் பின்புறத்திலேயே இருக்கும், சிலவற்றில் போர்டின் மீது ஊசிகளாக மட்டும் இருக்கும், அதற்குத் தனிக் கேபிள் வாங்க வேண்டும். இந்த ஒன்றைக் கேட்காமல் வாங்கினால், புதுக் கணினி இருந்தும் இயந்திரம் நின்றுபோகும்.

டிடிபி, பிளெக்ஸ் வடிவமைப்பு, திருமண வீடியோ எடிட்டிங்: நான்கு ராம் இடம், இரண்டு எம்.2 இடம் உள்ள பி760 அல்லது பி550. கோப்புகள் பெரிதாகிக்கொண்டே போகும் தொழில் இது. இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் இல்லாத போர்டு ஓராண்டிலேயே நெருக்கடி கொடுக்கும்.

பொறியியல் மாணவரின் வரைபட மென்பொருள், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி, கேமிங்: இவர்கள் பின்னால் நல்ல கிராபிக்ஸ் கார்டு போடுவார்கள். வசதி இருந்தால் ஏஎம்5-இல் பி650 அல்லது அதற்கு அடுத்து வந்த பி850 பார்க்கலாம். வசதி குறைவென்றால் ஏ620. டிடிஆர்5 ராமின் இன்றைய விலையைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு முடிவெடுங்கள்.

தொகையில் ஒரு எளிய அளவுகோல் வேண்டுமானால், மானிட்டர் இல்லாமல் ஆகும் மொத்தச் செலவில் ஏழில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை போர்டுக்கு ஒதுக்கலாம். 42,000 ரூபாய் திட்டம் என்றால் 6,000 முதல் 8,400 வரை. அதைவிட அதிகமாகக் கேட்டால், எந்த வசதிக்காக என்று கேளுங்கள். மிகவும் குறைவாக இருந்தால், எந்த ஆண்டின் சிப்செட் என்று கேளுங்கள்.

சிறு விஷயங்கள், பெரிய செலவுகள்

பழைய மானிட்டரை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அதன் கேபிள் நீலநிற விஜிஏவா, எச்டிஎம்ஐயா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். விஜிஏ உள்ள புதிய போர்டுகள் இன்னும் கிடைக்கின்றன.

வைஃபை உள்ள போர்டுக்கு விலை கூடுதல். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் லேன் கேபிளே சிறந்தது. பின்னால் தேவைப்பட்டால் யுஎஸ்பியில் செருகும் சிறிய வைஃபை கருவி வாங்கிக்கொள்ளலாம்.

போர்டின் அளவும் கேபினெட்டும் பொருந்த வேண்டும். வீடுகளுக்கு வழக்கமானது மைக்ரோ ஏடிஎக்ஸ், அதிகபட்சம் 24.4 சென்டிமீட்டர் சதுரம். முழு ஏடிஎக்ஸ் 30.5 சென்டிமீட்டர் உயரம், பெரிய கேபினெட் வேண்டும். மினி ஐடிஎக்ஸ் பார்க்க அழகாக இருக்கும், சிறிய பலகைக்குப் பெரிய விலை.

பயாஸ் பதிப்பையும் கேளுங்கள். 12-ஆம் தலைமுறை வந்தபோது தயாரான போர்டில் 14-ஆம் தலைமுறைப் பிராசஸரைப் போட்டால், பயாஸ் புதுப்பிக்கும் வரை திரை வராமல் போகலாம். வாங்கும் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். 13, 14-ஆம் தலைமுறையின் உயர்தரப் பிராசஸர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றுக்கு மின்னழுத்தம் தேவைக்கு மேல் போய்ச் சேதம் ஏற்பட்டதை ஒப்புக்கொண்ட இன்டெல், 2024 ஆகஸ்டிலிருந்து அதற்கான திருத்தத்தைப் போர்டுகளின் பயாஸ் வழியாகத்தான் கொடுத்தது.

மின்சாரமும் மழையும்

நல்ல போர்டு வாங்கிவிட்டு, கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் அதை மாட்டுவது பலரும் செய்வது. போர்டின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த எஸ்எம்பிஎஸ்தான். பெயருள்ள நிறுவனத்தின் 80 பிளஸ் சான்று பெற்ற ஒன்றைத் தனியாக வாங்குங்கள். மூன்று முனை பிளக்கில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் லேசாக 'சுரீர்' என்றால் எர்த் இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு சிறிய யுபிஎஸ் இருந்தால், மின்சாரம் போய்ப் போய் வரும் நாள்களில் போர்டும் எஸ்எஸ்டியும் தப்பிக்கும்.

இடி மின்னலின்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, லேன் கேபிளையும் பிடுங்க வேண்டும். வெளியிலிருந்து வரும் இணையக் கம்பி வழியாக மின்னதிர்வு வந்து போர்டின் லேன் பகுதியை எரித்துவிடுவதுண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை நம் பகுதி மறக்கவில்லை. தரைத்தள வீடுகளில் கேபினெட்டை மேசைக்கு மேலே வையுங்கள். தண்ணீரால் கெட்ட போர்டுக்கும் எரிந்த போர்டுக்கும் வாரண்டி கிடையாது.

ரிச்சி தெருவில் வாங்கும்போது

சென்னையில் கணினிப் பாகங்களுக்கு ரிச்சி தெருதான் பெரிய சந்தை. ரிச்சி தெரு என்று சொன்னாலும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று சுற்றியுள்ள தெருக்களிலும் கடைகள் நிறைந்திருக்கின்றன. திருமுல்லைவாயிலில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் ஒரே நிறுத்தம் போனால் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வேலை நாளில் போங்கள்.

போவதற்கு முன் போர்டின் முழுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். 'ஹெச்610 போர்டு' என்பது முழுப் பெயரல்ல. ஒரே நிறுவனம் ஒரே சிப்செட்டில் நான்கைந்து மாதிரி விற்கும். ஒன்றில் எம்.2 இடம் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. ஒன்று டிடிஆர்4, மற்றொன்று டிடிஆர்5. முழுப் பெயர் கையில் இருந்தால்தான் மூன்று கடை விலையையும் இணைய விலையையும் ஒப்பிட முடியும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்தப் போர்டுக்குப் பொருந்தும் பிராசஸர் பட்டியலும் இருக்கும்.

வாங்கும் இடத்தில் நான்கு காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று, பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். இன்டெல் சாக்கெட்டுகளிலும் ஏஎம்5-இலும் மெல்லிய ஊசிகள் போர்டில்தான் இருக்கின்றன. ஓர் ஊசி வளைந்திருந்தாலும் பிராசஸர் வேலை செய்யாது, வாரண்டியிலும் ஏற்கமாட்டார்கள். சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை எறியாமல் பெட்டியிலேயே வையுங்கள், சர்வீஸுக்குக் கொடுக்கும்போது தேவைப்படும்.

இரண்டு, பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும், போர்டில் உள்ள எண்ணும், பில்லில் எழுதும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத் தகடும் சாட்டா கேபிளும் உள்ளே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மூன்று, ஜிஎஸ்டி பில் கேளுங்கள். 8,000 ரூபாய் போர்டுக்கு 18 சதவீத வரி 1,440 ரூபாய். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். பெயருள்ள நிறுவனங்களின் போர்டுகளுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி உண்டு. அதைக் கேட்கும்போது முதலில் கேட்பது பில்தான். 1,440 ரூபாயை மிச்சப்படுத்தி மூன்று ஆண்டுப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது நமக்கு நஷ்டம், பொதுக் கஜானாவுக்கும் நஷ்டம்.

நான்கு, பழுதானால் கடையில் கொடுக்க வேண்டுமா, நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கே போக வேண்டுமா, அந்த மையம் சென்னையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும் அறியாத பெயருள்ள போர்டுக்கும், நான்கு கிலோமீட்டரில் சர்வீஸ் கிடைக்கும் போர்டுக்கும் உள்ள வித்தியாசம் பழுதாகும் நாளில்தான் தெரியும்.

பழைய போர்டு வாங்குவதில் தவறில்லை. எத்தனை ஆண்டு ஓடியது, எங்கேயாவது ரிப்பேர் செய்யப்பட்டதா என்று கேட்டு, கடையிலேயே ஒரு மணி நேரமாவது ஓட விட்டு, எல்லா யுஎஸ்பி துளைகளையும் இரண்டு ராம் இடங்களையும் சோதித்து வாங்குங்கள்.

கடன் இல்லாமல் கட்டும் கணினி

டெஸ்க்டாப்பை நம் குடும்பங்களுக்குப் பரிந்துரைக்க இன்னொரு காரணமும் உண்டு. லேப்டாப் என்றால் முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். கையில் இல்லாதவர்கள் தவணைக்குப் போகிறார்கள், அதில் வட்டியும் வந்து ஒட்டிக்கொள்கிறது. டெஸ்க்டாப்பில் அந்த நெருக்கடி இல்லை. இன்று பிராசஸர், போர்டு, 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், பழைய மானிட்டர் என்று தொடங்கலாம். அடுத்த பெருநாளுக்கு இன்னொரு 8 ஜிபி. மறு ஆண்டு இரண்டாவது எஸ்எஸ்டி. படிப்புக்குத் தேவைப்படும்போது கிராபிக்ஸ் கார்டு. வருமானம் வரும் வேகத்தில் கணினியும் வளரும்.

இப்படி வளர இடம் கொடுப்பது மதர்போர்டுதான். காலியான ஒரு ராம் இடம், காலியான ஒரு எஸ்எஸ்டி இடம், கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு நீண்ட இடம், இன்னும் சில ஆண்டுகளுக்கு விண்டோஸ் ஏற்கும் தலைமுறை: இந்த நான்கும் இருக்கும் போர்டு எதுவோ, அதுவே உங்கள் பணத்துக்கு உகந்த போர்டு. இதில் ஏதேனும் ஒன்று இல்லாத போர்டு ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைத்தாலும், அந்த ஆயிரத்தைப் பின்னால் பல மடங்காகக் கொடுக்க நேரிடும்.

அடுத்த முறை கடையில் கொட்டேஷன் வாங்கும்போது, 'போர்டு - 1' என்ற வரியைக் காட்டி, "பாய், இதுக்கு முழுப் பேரையும் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் மகிழ்ச்சியோடு எழுதித் தருவார். எழுதத் தயங்கும் கடையில் வாங்காமல் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.